கையெழுத்தில்லாத மூட்டுவலிக் கடிதம்

குரங்கணியிலிருந்து காலை பஸ்சில் வந்த கண்டக்டர் எங்கள் வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார். "அண்ணே, நம்ம எம்.எல்.ஏ. மலைப் பாதையில கல்லு மேல உக்காந்தபடியே போயிட்டாருண்ணே." ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா துணியோடு அப்படியே நின்றார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மொக்கராசு பெரியப்பாவை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். ஏலக்காய்த் தோட்டச் சங்கத்திலிருந்து சட்டசபைக்குப் போனவர். எங்களுக்கு அடுத்த வீடு. நான் எட்டாவதோடு நின்றுவிட்டவள். ஆட்களைக் கண்டால் பேச்சு வராது, ஆனால் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அவரைத் தேடி வருகிறவர்களின் மனுக்களை உள்ளே உட்கார்ந்து நான் எழுதிக் கொடுப்பேன். "இந்தப் புள்ள பேசாது. ஆனா கவர்மெண்டுக்கே கேக்குற மாதிரி எழுதும்" என்பார்.

மலைச் சரிவில் குடிசை போட்டிருப்பவர்களை வெளியேற்றும் மசோதா வந்தது. எல்லாரும் ஆதரித்தே ஆக வேண்டும் என்று கட்சிக் கொறடா உத்தரவிட்டார். எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்துவிட்டார்கள். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்றபோது, ஆளுங்கட்சி வரிசையில் இவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மசோதா நிறைவேறிவிட்டது. அவர் ஊர் திரும்பிய அன்று பஸ் நிலையத்தில் மாலையோடு யாரும் இல்லை. அப்பா மட்டும் ஜீப்போடு நின்றார்.

மூன்றாம் நாள் மாவட்டச் செயலாளர் காரில் வந்தார். கட்சிக்காரர்கள் அவரை 'மாவட்டம்' என்றே கூப்பிடுவார்கள்.

"வாங்க மாவட்டம், டீ சாப்பிடுங்க."

"டீ கெடக்கட்டும். நாலு வரி எழுதிக் குடுங்கண்ணே. முட்டி வலி, எந்திரிக்க முடியல. அம்புட்டுதான். தலைமை மன்னிச்சிரும். ஒங்க முட்டி வலி மலைக்கே தெரியுமே!"

"வலி இருக்கு மாவட்டம், நல்லாவே இருக்கு. ஆனா அன்னைக்கு அதுக்காக உக்காரலையே."

மாவட்டம் சிரித்தார். பிறகு வெளியே நின்ற ஜீப்பைப் பார்த்தார். "ஒங்கள ஏத்திக்கிட்டுத் திரியிற வண்டிக்கு இனிமே எவன் லோடு குடுப்பான்? யோசிங்க."

மாவட்டமே சொல்லச் சொல்ல, கடிதத்தை நான் எழுதினேன். நாளைக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா தாளை வாங்கிப் படித்தார்.

"எழுத்து நல்லாருக்கு ஆத்தா. பயமா இருக்கா?"

தலையாட்டினேன்.

"எனக்குந்தான். கையெழுத்துப் போட்டா இந்தப் பயம் போயிரும். மலையில இருக்கவுக மூஞ்சியப் பாக்குற பயம் வந்துரும். வெரசா அடுப்புல போடு."

அப்போதுதான் வாய் திறந்தேன். நானாக அவரிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். "போட்டுருங்க பெரியப்பா. இல்லேன்னா எங்க அப்பாவ விட்டுருங்க."

தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "சரி ஆத்தா" என்றார்.

கையெழுத்துப் போடவில்லை. கட்சி அவரை நீக்கியது. அதன் பிறகு எங்கள் ஜீப்பில் அவர் ஏறவே இல்லை. அப்பா கூப்பிட்டால், "நீ ஒன் சோலியப் பாரு தம்பி" என்று சொல்லிவிட்டு, பஸ்சில் குரங்கணி போய், அங்கிருந்து மலைக் குடிசைகளுக்கு அந்த முட்டியோடு நடந்தே ஏறினார். அப்படி ஏறிய ஒரு நாள்தான் அந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். நான் அன்று பேசாமல் இருந்திருக்கலாம்.

இப்போது இடைத்தேர்தல் வரப்போகிறது. மலை ஜனங்கள் அழுவதைப் பார்த்துவிட்டு, கட்சியே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறது. அவர் கட்சியை மீறவே இல்லையாம், மூட்டுவலியால் எழ முடியவில்லையாம். நேற்று மாவட்டம் எங்கள் வீட்டுக்கே வந்து, "அந்தக் கடுதாசி ஒன்கிட்ட இருக்கா தாயி?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

பொய் சொன்னேன். அன்று அதை நான் அடுப்பில் போடவில்லை. ஆள் வந்து கேட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், எட்டாவது புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

இதை இரங்கல் கூட்டத்தில் வேறு யாராவது படியுங்கள், எனக்குக் குரல் எழும்பாது. ஆனால் எழுதியது ஜீப்புக்காரர் மகள் என்று சொல்லியே படியுங்கள். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். அதில் உள்ள எழுத்தெல்லாம் என்னுடையது. அடியில் அவர் கையெழுத்துப் போடாமல் விட்ட இடம் மட்டும் அவருடையது.