களியில் கல் இல்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டேன். வீட்டுச் சண்டை முதல் மாட்டு வைத்தியம் வரை வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் கொட்டுகிறவன், இதை மட்டும் மூடி வைத்தேன். அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்ற பயம்தான். போன செவ்வாய்க்கிழமை தருமபுரி பஸ்ஸில் நடந்ததைப் பார்த்த பிறகு, எழுதாவிட்டால்தான் கோபிப்பாள் என்று புரிந்துவிட்டது.

முதலில் பழைய கதை. நாலு வருடம் முன்பு எனக்குக் கடைவாய்ப் பல் வலி. தருமபுரியில் ஒரு பல் டாக்டரம்மா ரூட் கேனால் ஆரம்பித்தார். வேருக்குள் மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்தார்.

"ரெண்டு வாரத்துல கண்டிப்பா வாங்க. மருந்த எடுத்துட்டு, நிரந்தரமா அடைச்சு கேப் போடணும். மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் வந்தது. "ஆத்தா, வலிய நிறுத்து. வெள்ளியில பல்லு செஞ்சு சாத்தறேன்" என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை வலி இல்லை!

"டாக்டர் வெச்ச மருந்துங்க" என்றாள் என் மனைவி சரோஜா.

"அம்மன் வெச்ச மருந்து" என்றேன் நான்.

கண், கை, கால் எல்லாம் வெள்ளித் தகட்டில் கிடைக்கிறது. பல்? எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் ஆசாரி என் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தே ஒன்று செய்து கொடுத்தார். சாத்தினேன். பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. அம்மன் முடித்த வேலையை இன்னொருவர் திறந்து பார்ப்பது மரியாதையா, சொல்லுங்கள்?

பதினோரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கேழ்வரகுக் களி சாப்பிட்டேன். நம்ம பக்கம் களியை யாராவது மெல்லுவார்களா? உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே! அன்றைக்கு ஏதோ நினைப்பில் ஒரு தரம் கடித்துவிட்டேன். 'படக்.'

"களியில கல்லு!" என்று கத்தினேன்.

"என் களியிலயா?" சரோஜாவின் முகம் மாறிவிட்டது. "இருங்க. கல்லக் காட்டுங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன்."

மிச்சக் களி முழுவதையும் தண்ணீரில் கரைத்து, வேட்டியில் வடிகட்டித் தேடினேன். கல் இல்லை. என் வாயில் இருந்ததைத் துப்பிப் பார்த்தேன் — பாதிப் பல்.

டாக்டரம்மா திட்டவில்லை. "அந்த மருந்து கிட்டத்தட்ட சுண்ணாம்பு மாதிரிங்க. கிருமியக் கொல்லும், நல்லதுதான். ஆனா மாசக்கணக்கா உள்ளயே கெடந்தா பல்லோட பலத்தக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுடும். எல்லாருக்கும் ஒடையும்னு சொல்லல. ஆனா எதுக்கு அந்த வம்பு?" என்றார். வேர் வரை பிளந்திருந்ததால் மிச்சத்தையும் பிடுங்க வேண்டியதாயிற்று.

வெட்கம். பல் போன கதையை யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிப் பல் கதை மட்டும் ஊரில் சுற்றிக்கொண்டே இருந்தது...

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஐம்பது வயதுக்காரர். கையில் பூமாலை.

"கோயிலுக்குங்களா?"

"ஆமாங்கண்ணா. பல்லுல மருந்து வெச்சு அஞ்சு மாசம் ஆச்சு. மறுபடி வரச் சொன்னாங்க, நான் போவல. பாப்பாரப்பட்டி பக்கம் ஒருத்தரு வெள்ளிப் பல்லு சாத்துனாராம். விழுந்த பல்லு புதுசா மொளச்சிருச்சாம்!"

அவர் பக்கம் திரும்பினேன். "ஐயா, அந்த ஆளு நான்தான்."

"நீங்களா? எங்க, காட்டுங்க."

ஓடும் பஸ்ஸில் வாயைத் திறந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். கண்டக்டரும் பார்த்தார்.

"இங்க பல்லே இல்லியே! அவுரு பல்லு மொளச்ச ஆளுங்கண்ணா. நீங்க வேற யாரோ."

"மொளைக்கலைங்க! ஒடஞ்சது! நான் டாக்டர்கிட்டப் போவாததால ஒடஞ்சது!"

"அப்ப ஆத்தாவுக்கு வெள்ளிப் பல்லு சாத்துனது பொய்யா?"

மூன்று வருடமாக நான் பயந்த கேள்வி. "அதுவும் நெசம், வலி போனதும் நெசம். ஆத்தாதான் என்னை டாக்டர்கிட்ட அனுப்புனா. ரெண்டு வாரம் டைமும் குடுத்தா. நான்தான் பதினோரு மாசம் எடுத்துக்கிட்டேன்."

அவர் மாலையைப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார். "சரி, வாங்க போவலாம்" என்றார். என் டாக்டரம்மாவிடமே கூட்டிப்போனேன். டாக்டரம்மா தட்டிப் பார்த்தார்: "விரிசல் இல்லைங்க. தப்பிச்சீங்க." அன்றைக்கே மருந்தை எடுத்து அடைத்துவிட்டார்.

வெளியே வந்த மனிதர், காத்திருந்தவர்களிடம் என்னைக் காட்டினார்: "இவரு சாதாரண ஆளில்லைங்க. ஆத்தாவே பஸ்ல வந்து எம் பக்கத்துல ஒக்காந்தா!"

ஆகவே வாசகர்களே, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பாதியில் நிற்கும் பல் வைத்தியத்தோடு யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். பல் முளைக்கவில்லை. நான் ஆத்தா இல்லை.

முக்கியமாக, களியில் கல் இல்லை. இதைக் கட்டாயம் போடச் சொன்னது சரோஜா.