தள்ளிப்போட்ட அமாவாசை இரவு

மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது, மதுரையில் கண் மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். விழித்திரை தேய்கிறது, மருந்து இல்லை, இருட்டில் தெரிவதுதான் முதலில் போகும். அவளிடம் அதைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கார்த்திகைக் கடைசியில் ஆண்டுதோறும் விழும் எரிகற்களை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மூன்று இரவுகள் விழும் என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். முதல் இரவு அமாவாசை.

"நிலா இல்லம்மா. இன்னைக்கே கம்மாக்கரைக்குப் போயிருவோம்."

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். ஆனாலும் வயதுக்கு வந்த பிள்ளையை அமாவாசை இருட்டில் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போகப் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "நாளைக்குத்தான் நெறைய விழுகுமாம்" என்றேன். அந்தப் பொய் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

"அய்யா, சயின்ஸ் டீச்சருக்கு முனிப் பயம்யா" என்று அவள் தன் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

சிக்கல் ஊர்ப்பக்கம் எங்கள் நெல் ஒரு மழைக்காகக் காய்ந்து நின்றது. கணவர் சலிப்போடு வாசலைக் காட்டினார். "பனி இந்தக் கொட்டு கொட்டுது. மேகம் இருந்தாப் பனி இறங்குமா ஆத்தா? மழையாவது ஒண்ணாவது. நாளைக்கே போங்க."

மறுநாள் மதியமே வானம் மூடியது. மூன்று நாள் விடாத மழை. ஊரே வரப்பில் நின்றது. கணவர் சொட்டச் சொட்ட வந்து, "பயிரு பொழச்சுருச்சு" என்றார்.

"நல்லதுதான்யா" என்றாள் மகள், ஜன்னலை விட்டு நகராமல். அந்த மழையைத் திட்டியவள் ஊரில் நான் ஒருத்திதான்.

அடுத்த ஆண்டு வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் அந்தி சாய்ந்தாலே அவள் சுவரைத் தொட்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். இருந்தும் நிலவு இறங்கிய பிறகு, கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போனேன். துண்டு விரித்து இருவரும் மல்லாந்து படுத்தோம். தலைக்கு மேலே ஒன்று நீளமாக எரிந்து போனது. பின்னாலேயே இன்னொன்று.

"விழுந்துச்சாம்மா?"

"இல்லடி. ஒரே மேகமா இருக்கு."

அவள் தன் நெற்றியைத் துடைத்து, அந்த ஈரக் கையை என் கன்னத்தில் வைத்தாள்.

"பனி கொட்டுதேம்மா."