அம்பிளி குடிக்காத வெள்ளம்

பாறசாலையில் ஜெயச்சந்திரனைக் குதிரைக்காரர் என்று அழைக்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்பு அவர் கண்டக்டர் சார். ஓய்வு பெற்ற கையோடு பூவாருக்குப் போனவர், கடற்கரையில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்து அலுத்துப்போன அம்பிளி என்ற வெள்ளைப் பெண்குதிரையோடு திரும்பி வந்தார். எதற்கு என்று மனைவி ஷியாமளா கேட்டபோது அவருக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க நின்றபடியே பயணம் செய்தவருக்கு, உட்கார்ந்து போக ஓர் ஆசை இருந்திருக்கலாம்.

அந்த ஆசை வளர்ந்து, காட்டாக்கடையில் இருக்கும் மகள் நந்தனாவின் வீடுவரை குதிரையிலேயே போய் இறங்கவேண்டும் என்பதில் வந்து நின்றது.

வழியில் குதிரைக்குத் தண்ணீர் எவ்வளவு கொண்டுபோவது? குழப்பம் அங்கேதான் தொடங்கியது. முப்பது லிட்டர் என்றது ஒரு வீடியோ. வெயில் நாளில் ஐம்பதும் போதாது என்றது இன்னொன்று. ஐம்பது லிட்டர் என்றால் ஒரு சிமென்ட் மூட்டையின் கனம். அதையும் ஏற்றினால் அம்பிளிக்குத் தாகம் கூடும். தாகம் கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். கணக்கு எங்கே போய் முடியும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு கேன்களைச் சேணத்தில் கட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் களக் களக் என்று ஆட, அம்பிளி மிரண்டு தென்னையைச் சுற்றி ஓடியது.

சாயாக்கடை தங்கப்பன் சிரித்தார். "எலே, நீ என்ன பாலைவனத்துக்கா போறா? கிணறு இல்லாத வீடு இஞ்ச எங்கயாவது உண்டாடே?"

"குதிரைக்காக்கும் கேக்கணும். ஒரு கிளாஸ் வெள்ளம் இல்ல."

"ஒரு வாளி கோரிக் குடுத்தா அவனுக்க கிணறு வத்திப் போவுமா? சும்மா போடே."

பேச்சு நியாயமாகத்தான் பட்டது. கேன்களைக் கொல்லையில் போட்டுவிட்டு, தனக்கு ஒரு பாட்டிலும் ஒரு காலி வாளியுமாக ஜெயச்சந்திரன் விடிந்ததும் கிளம்பினார்.

காரக்கோணத்தில் ஒரு வீட்டில் வாளி நிறையக் கோரிக் கொடுத்தார்கள். அம்பிளி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாகமில்லை போலும் என்று நினைத்தார். அடுத்த இடத்திலும் அதே கதை. இரு மாநில எல்லையான பனச்சமூடு வந்தபோது மாசி மாத வெயில் உச்சியில் நின்றது. அங்கே தமிழ்நாட்டுப் பக்கத்துக் குழாயில் பிடித்து வைத்தார். ஆட்டோ ஓட்டும் ஜெனில் வேடிக்கை பார்க்க வந்தான்.

"கேரளத்துக் குதிரை இல்லியா மாமா, தமிழ்நாட்டு வெள்ளம் எறங்காது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சுப் பாரும்."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் ஜெயச்சந்திரன் வாளியோடு சாலையைக் கடந்து, அந்தப் பக்கத்துக் குழாயில் பிடித்து வைத்தார். அதுவும் வேண்டாமென்றது குதிரை. ஜெனிலின் சிரிப்பு நின்றது. "மாமா, இதுக்கு என்னமோ உண்டு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போவும்."

வெள்ளறடை தாண்டியதும் அவர் இறங்கி நடந்தார். உடம்பில் நீர் வற்றிவிட்டதா என்று அறிய, வீடியோவில் பார்த்தபடி அம்பிளியின் கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டார். கிள்ளிய இடம் மேடாகவே நின்று, மெதுவாகத்தான் அமர்ந்தது. நோயா, பிடிவாதமா, வழியெல்லாம் தண்ணீரிலேயே கோளாறா? ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் போகலாம் என்றால் வந்த தூரம் பயமுறுத்தியது.

அடுத்து கண்ணில் பட்ட வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அந்த வீட்டு லேகா கிணற்றில் கோரி வைத்தாள். அம்பிளி மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது.

"பிளீச்சிங் பவுடருக்க நாத்தமாயிருக்கும் அண்ணே. இந்தப் பக்கம் பூரா மஞ்சப்பித்தம், காமாலை இல்லியா? சுகாதாரத்துல உள்ள ஆஷாப் பெண்ணுங்க வந்து ஒரு கிணறு விடாம போட்டாச்சு."

"ஒரு கிணறு விடாமயா?"

"எங்க போனாலும் இதே கததான்."

காரணம் கிடைத்தது, வழி கிடைக்கவில்லை. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். வந்தவருக்குப் பச்சைத் தண்ணீர் கொடுத்தால் நன்றாயிருக்காது என்று லேகா, பதிமுக மரச் சீவல் போட்டுக் காய்ச்சி ஆறிய இளஞ்சிவப்பு வெள்ளத்தை ஒரு செம்பில் கொண்டுவந்தாள். அவர் வாயருகே கொண்டுபோவதற்குள் அம்பிளி தோளுக்கு மேலாகத் தலையை நீட்டிச் செம்புக்குள் மூக்கை விட்டது. சர்ரென்று ஒரே இழுப்பு.

லேகா வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணே, இது என்ன குதிரையா, வீட்டு மருமவனா?"

அவர் போனை எடுத்து ஷியாமளாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

"பதிமுகம் வெள்ளந்தானே? அது தெனமும் குடிக்கியதுதான்."

"தெனமுமா?"

"போன மாசம் நம்ம கிணத்துலயும் பவுடர் போட்டாவல்லா? அண்ணைக்கு வெள்ளத்தத் தொடல்ல. மிச்சம் கெடந்த பதிமுகம் வெள்ளத்த தொட்டியில ஊத்திக் கலக்கினேன், குடிச்சு. இப்பம் நெறம் இல்லாட்டி குடிக்காது."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நிங்க கேட்டியளா? காலைல ஏறிச் சவாரி போவிய, வந்து எறங்குவிய. அது என்னத்தக் குடிச்சுன்னு எண்ணைக்காவது கேட்டதுண்டா?"

லிட்டர் கணக்கு அவ்வளவு பார்த்தவர், தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. இது யாருடைய குதிரை என்றே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

லேகா அடுப்பில் இருந்த பதிமுக வெள்ளப் பானையையே தூக்கிவந்து வாளித் தண்ணீரில் கலந்தாள். அம்பிளி குடித்தது, நிறுத்தி மூச்சு விட்டது, மறுபடி குடித்தது.

"ஷியாமளே, இனி ஏறலாமா?"

"இப்பமே சாடி ஏறாதிங்க. மூத்திரம் போவட்டு. நெறத்தப் பாருங்க, கடுஞ்சாயா மாதிரி இருந்தா அங்கயே நிக்கணும், நான் பஸ்சு ஏறி வாறேன். நல்லா இருந்தா மெள்ள நடத்தியே கொண்டு போங்க."

போனைக் காதில் வைத்தபடி அவர் மாமர நிழலில் குதிரையின் பின்னால் நின்றார். லேகாவும் சற்றுத் தள்ளி நின்றாள். வெயில் தாழ்ந்தது. அம்பிளி வாலை ஆட்டியது; ஒன்றும் நடக்கவில்லை. எதைப் பார்க்கிறார்கள் என்று வேலிக்கு அப்பால் போனவர்களும் நின்று பார்த்தார்கள். கடைசியில் குதிரை பின்னங்கால்களை அகற்றி வைத்தது.

"போச்சு ஷியாமளே, போச்சு!" என்று அவர் கத்தினார். "வெளுப்பாத்தான் இருக்கு. நல்ல வெளுப்பு!"

"ஊரக் கூட்டாதிங்க," என்றாள் அவள். "அந்த வீட்டுப் பெண்ணுக்கிட்ட ரெண்டு பிடி பதிமுகம் கேட்டு வாங்கிட்டுப் போங்க. நந்தனா வீட்டுல எறங்கினதும் முதல்ல அதுக்கு வெள்ளம் வைக்கணும். பெறகு நிங்க குடிச்சாப் போரும்."