ரேம் கேட்டு வந்த லேப்டாப்

லேப்டாப் சர்வீஸில் பதினெட்டு வருஷம் ஓட்டியவன் நான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எதைச் சொல்லலாம் என்று யோசித்தால், முதலில் ஜெசிந்தா மேடம்தான் நினைவுக்கு வருகிறார்.

ஒருநாள் காலை லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். பிரெஞ்சுக் காலத்தில் நொத்தேர், அதாவது நோட்டரி, எழுதிய பத்திரங்களைத் தமிழாக்கித் தருவது அவர் தொழில். ஏழு வருஷத்து லேப்டாப். ஒரு ஃபைல் திறக்கவே ஐந்து நிமிஷம் ஆகிறது, எட்டு ஜிபி ரேமைப் பதினாறாக்கிக் கொடுங்கள் என்றார். ரேம் மாட்ட ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. ரேமும் கடையில் இருந்தது. பத்து நிமிஷ வேலை என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டேன்.

"ஒண்ணு கேக்கட்டுமாண்ணா? இத போட்டா சரியாயிடும்னு எத வச்சி சொல்றீங்க?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். பழைய மெஷின், ஸ்லோ, அதனால் ரேம். அதுவரை அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் தினமும் திறப்பதையெல்லாம் என் எதிரிலேயே திறக்கச் சொன்னேன். டாஸ்க் மேனேஜரில் மெமரி, அதாவது ரேம், பாதிகூட நிரம்பவில்லை. டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்திலேயே நின்றது. டெஸ்ட் ஓட்டினால் பேட் செக்டார், அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன இடம், வரிசையாக வந்தது.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. பத்திரங்களில் வரும் பிரெஞ்சு வார்த்தைகளுக்குத் தமிழ் தேடி, ஏழு வருஷமாகச் சேர்த்த சொற்பட்டியல் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. சில வார்த்தைகளுக்கு அர்த்தம் சொன்னவர்கள் இப்போது உயிரோடு இல்லை என்றார்.

உடனே மெஷினை ஆஃப் செய்து, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன். அந்த ஃபோல்டரை மட்டும் முதலில் காப்பி போட்டேன். நடுவில் இரண்டு தடவை நின்று, மறுபடி ஓடியது. மேடம் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போனது. மதியம் மூன்று மணிக்குப் பட்டியல் முழுசாக வந்தது. கடைசி வரி வரை இறக்கிப் பார்த்தார். அடுத்து போட்டோக்களை எடுக்கப் போனேன். பாதியில் டிஸ்க் செத்துவிட்டது. மீதிப் போட்டோக்கள் கிடைக்கவே இல்லை.

செத்த டிஸ்க்குக்குப் பதிலாகப் புது எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். அப்போ ரேம் வேண்டாமா என்று கேட்டார். மறுபடி எல்லாவற்றையும் திறந்து காட்டி, இருப்பதே போதும் என்றேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"நீங்க கேக்கலன்னா ரேமப் போட்டு அனுப்பியிருப்பேன் மேடம். வீட்டுக்குப் போனப்புறம் டிஸ்க் செத்திருக்கும்."

அவர் பிடித்த கையை விடவில்லை. "நீங்களே சொல்லிட்டீங்க இல்ல, போதும்ணா" என்றார்.

அதற்கப்புறம் ரேம் கேட்டு யார் வந்தாலும், உங்கள் வேலையை என் முன்னால் கொஞ்ச நேரம் செய்து காட்டுங்கள் என்கிறேன். மெமரி நிரம்பினால் போடுவேன். நிரம்பவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிஸ்க்கைச் சோதிப்பேன். இந்த ஒரு பழக்கத்தால் எத்தனையோ பேருடைய ஃபைல்கள் தப்பியிருக்கின்றன. அவர்களெல்லாம் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது ஜெசிந்தா மேடத்துக்குப் போகவேண்டியது.