எங்கள் ஊர்ப் பெண்

சிங்கப்பூருக்கு நான் நண்டு அனுப்பத் தொடங்கியது என் கெட்டித்தனத்தால் அல்ல. அக்கா அங்கே ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள். அந்த வீட்டுக்காரர் நண்டு வியாபாரி. அவ்வளவுதான். இதை நான் பல வருடங்களாக யாருக்கும் இப்படி நேராகச் சொன்னதில்லை. தொழில் எப்படித் தொடங்கியது என்று கேட்பவர்களிடம், "தெரிஞ்ச ஒராள் மூலமா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது எனக்குப் பதினாறு வயது. அக்காவுக்கு இருபத்துமூன்று. அப்பாவின் தோணியை விற்றோம். அக்கா கொஞ்சக் காலம் கடற்கரை வாடியில் மீன் வெட்டிக் கருவாடு போட்டாள். அது அப்பாவின் மருந்துக்கே காணவில்லை. பிறகு கொழும்பு ஏஜென்சி ஒன்றின் மூலம் சிங்கப்பூருக்குப் போனாள். மன்னார் பஸ் நிலையத்தில் வைத்து என்னிடம், "நீ படி. கடலுக்குப் போகாத" என்றாள். அழவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தாள். பஸ் புறப்படும்போதுதான் அம்மாவும் நானும் நின்ற பக்கம் திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு விளங்கியது.

அவள் அனுப்பிய காசில் நான் உயர்தரம் வரை படித்தேன். பெரிய பெறுபேறு ஒன்றும் வரவில்லை. மன்னார்த் தீவில் நண்டு வாங்குகிற கொம்பனி ஒன்றில் நிறை பார்க்கிற வேலை கிடைத்தது. அங்கே மூன்றாவது வருடம் இருக்கும்போது ஒரு மத்தியானம் அக்கா ஃபோன் எடுத்தாள்.

"தம்பி, இஞ்ச குசினியில ஒரு பெட்டி நண்டு வந்து கிடக்குது. உயிர் நண்டு. பெட்டியில எங்கட நாட்டுப் பேர் அடிச்சிருக்கு."

"என்ன நண்டக்கா?"

"களிநண்டுதான். கண்டல் காட்டுக்க பிடிக்கிறது. இஞ்ச இதுக்கு அடிபடுறாங்கள். எங்கட சேர் இதைத்தான் விக்கிறாராம். நான் உன்னைப் பற்றிக் கதைச்சு வச்சிருக்கிறன்."

"என்னைப் பற்றி என்னெண்டு?"

"என்ர தம்பி நண்டுக் கொம்பனியில பெரிய ஆள் எண்டு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சேர் என்று அவள் சொன்ன அந்த வீட்டுக்காரர் பல மாதம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா விடவில்லை. காலையில் கோப்பி வைக்கும்போதும், அவருடைய தாயைக் குளிப்பாட்டி வெளியே கொண்டுவரும்போதும், ஒரு சொல்லாவது போட்டு வைப்பாளாம். கடைசியில் அவருக்கு நண்டு வரத்துக் குறைந்த ஒரு கிழமையில், "உன் தம்பியின் நம்பரைத் தா" என்று கேட்டிருக்கிறார்.

முதல் பெட்டிகளில் பாதி நண்டு செத்துப் போய்ச் சேர்ந்தது. களிநண்டை உயிரோடு அனுப்புவது லேசான வேலை இல்லை. கால் கட்டவேண்டும், சேறு போகக் கழுவவேண்டும், ஈரம் கூடவும் கூடாது, காயவும் கூடாது. விடத்தல்தீவுப் பக்கத்துக் கண்டல் சேற்றில் பிடிபடுவது லொறியில் ஏறி, மதவாச்சி தாண்டி, கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மறுநாள் அங்கே பெட்டி திறக்கும்போது கண்ணை அசைக்கவேண்டும். பிழை எங்கே என்று சேர் என்னிடம் விபரமாகச் சொல்லமாட்டார். "சரியில்லை" என்பார், வைத்துவிடுவார். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டுவார். பரிமாறிக்கொண்டு நிற்கிற அக்கா கேட்டுவைத்து எனக்குச் சொல்லுவாள்.

"வெள்ளிக்கிழமை வந்ததில சேறு கூடவாம். உன்ர பெட்டியில காத்துப் போற ஓட்டை காணாதாம். சின்னனுகளைக் கலக்காத, அதுக்குத்தான் ஆளுக்குக் கோபம்."

இப்படித்தான் நான் தொழில் பழகினேன். இரண்டு வருடத்தில் கொம்பனி வேலையை விட்டேன். சொந்தமாக ஒரு கொட்டில் போட்டேன். உயிலங்குளத்திலிருந்து இரண்டு பெண்கள் தினமும் பஸ்ஸில் வந்து நண்டு கழுவி அடுக்கினார்கள். கிழமைக்கு ஒன்று என்று போன பெட்டிகள் தினமும் போகத் தொடங்கின. அப்போது சேர் என்னைச் சிங்கப்பூருக்கு வரச் சொன்னார். தன்னுடைய வாடிக்கையாளர் இருவர் என்னை நேரில் பார்க்க விரும்புகிறார்கள், இருவரும் உணவகம் வைத்திருப்பவர்கள், பேசிச் சரிவந்தால் அவர்களுக்கும் நானே அனுப்பலாம் என்றார்.

நான் முதல்முதல் பார்த்த வெளிநாடு அது. எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடக்கிற இடம். ரயில் வருகிற நிமிடத்தைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள், அந்த நிமிடத்தில் அது வந்தது. சேரின் கடையில் என் பெட்டிகளைப் பார்த்தேன். என் கொட்டிலின் பெயர் அடித்த பெட்டி, இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த பெட்டிகளுக்கு மேல் இருந்தது. கடையில் நின்ற ஒருவர் கை கொடுத்து என்னை "மிஸ்டர்" என்றார். கொழும்பில் புதிதாக வாங்கின நீளக்கைச் சேட்டைப் போட்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் காலை முழுதும் எனக்கு நடப்பதே ஒரு அங்குலம் உயர்ந்துதான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அந்த வாடிக்கையாளர் இருவரும் வந்தார்கள். பெரிய வட்ட மேசை. சேரின் தாய்க்கு நண்டு என்றால் விருப்பம், அவரும் வருகிறார் என்று சேர் சொன்னார். அவர் வந்தால் யார் கூட்டிவருவார் என்பதை நான் யோசித்திருக்கவேண்டும்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள்.

அவள் கடைசியாக லீவில் ஊருக்கு வந்து போய் நாலு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். தலைமயிரைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். தொளதொளவென்ற ஒரு ரீசேட், முழங்கால் வரை காற்சட்டை. மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரித்தாள், பிறகு சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை லீவில் சந்திப்பதாகத்தான் பேசி வைத்திருந்தோம். நான் எழும்பவில்லை. எழும்பப் போனேன், ஆனால் அந்த நேரம் உணவகக்காரரில் ஒருவர் என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், நான் அவருக்குப் பதில் சொன்னேன்.

அக்காவுக்கு மேசையில் இடம் வைக்கவில்லை. கிழவியின் பின்னால் ஒரு ஸ்டூலில் இருந்தாள். நண்டு வந்தது. ஓட்டை உடைத்து, சதையை எடுத்து, ஓட்டுத் துண்டு பார்த்துக் கிழவிக்கு ஊட்டினாள். அந்தக் கிழவியோடு சீன மொழியில் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது உணவகக்காரர் அவளைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். "இந்தப் பெண்ணும் உங்கள் நாடு போலிருக்கிறதே? தெரியுமா?"

"தெரியும்," என்றேன். "எங்கள் ஊர்ப் பெண்."

அவ்வளவு சுலபமாக வந்தது. முன்கூட்டி யோசித்து வைத்திருந்தது போல. சேர் தலையை நிமிர்த்தி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு தன் கோப்பையில் தேநீர் ஊற்றினார். அக்காவுக்கு அந்த ஆங்கிலம் விளங்கும். அவள் கை நிற்கவில்லை. அடுத்த நண்டுக்காலை உடைத்து, சதையை எடுத்து, கிழவியின் வாயில் வைத்தாள். உணவகக்காரர் "ஓ, சின்ன உலகம்" என்று சிரித்துவிட்டு விலை பேசத் தொடங்கினார். நானும் பேசினேன். இரண்டு பேரும் அன்றைக்கே சம்மதித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை நடக்கிற கத்தோலிக்கக் கோவிலில் சந்தித்தோம். பூசை முடிந்து வெளியே ஒரு வாங்குப் பலகையில் இருந்தோம். அக்கா சோறும் பருப்பும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் பொதியைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தேன்.

"அக்கா, அண்டைக்கு நான்..."

"விடு. அதையா யோசிச்சுக்கொண்டு இருக்கிறாய்?"

"எனக்குச் சொல்லத் தெரியேல்ல..."

"நீ சொன்னதுதான் சரி. வேலைக்காரியின்ர தம்பி எண்டு தெரிஞ்சா, அவங்கள் உன்னை ஒரு ஆளாவே எடுக்கமாட்டாங்கள். சாப்பிடு."

அப்போது எனக்கு வந்தது வெட்கம் இல்லை, ஆறுதல். அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. அவள் அப்படிச் சொன்னதும் எனக்குப் பசித்தது. முழுவதையும் சாப்பிட்டேன். அம்மாவுக்கு ஒரு போர்வை, எனக்கு ஒரு சப்பாத்து, வீட்டுக்கு ஒரு மணிக்கூடு என்று அவள் வாங்கி வைத்திருந்த எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு தொழில் ஓடியது. அப்பா போய், ஒரு வருடத்தில் அம்மாவும் போனார். இரண்டு சாவுக்கும் அக்கா வந்து நின்றுவிட்டுத் திரும்பினாள். நான் கலியாணம் முடித்தேன், கல்வீடு கட்டினேன். அக்காவுக்கென்று ஒரு அறை விட்டேன். அவள் வரவில்லை என்பதால் அதில் நண்டு அனுப்புகிற வெறும் றெஜிபோம் பெட்டிகளை அடுக்கினோம். பிறகு அதுவே பெட்டி அறை என்று ஆகிவிட்டது.

வருகிறேன் என்று அவள் சொல்லாமல் இல்லை. "தம்பி, உழைச்சது காணும் போல கிடக்கு. கிழவியைத் தூக்கி எடுக்க எனக்கு இடுப்பு விடுகுதில்ல. இந்த முறை ஒப்பந்தம் முடிய வரட்டே?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

இரண்டு தரமும் நான், "இன்னும் ஒரு வருசம் இருங்கோ அக்கா" என்றேன். காசுக்காக இல்லை. அவளுடைய சம்பளம் எங்களுக்குத் தேவைப்படாத காலம் அது. அந்த வீட்டுக்குள் எனக்கு ஒரு காது தேவைப்பட்டது. சேர் வேறு யாரிடம் விலை கேட்கிறார், எந்தக் கிழமை என்ன குறை சொன்னார் என்று எனக்குச் சொல்ல ஆள் வேண்டும். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கு விளங்கியிருக்கும். "ஓம், சரி" என்றாள்.

கொரோனா வந்தது. முதல் மாதங்களில் எல்லாம் நின்றது. பிறகு சரக்கு விமானங்கள் ஓடத் தொடங்கின, நண்டு போகத் தொடங்கியது. ஆட்கள் வர முடியவில்லை. அந்தக் காலத்தில்தான் கிழவி இறந்தார். அக்காவுக்கு அந்த வீட்டில் இனி வேலை இல்லை. நாட்டுக்குத் திரும்பப் பதிந்துவிட்டு, விமானம் கிடைக்கும்வரை ஒரு விடுதியில் இன்னும் பலரோடு இருந்தாள். எனக்கு ஃபோன் எடுக்கும்போதெல்லாம், "கொட்டில் எப்பிடி? வேலைக்கு வாற பிள்ளையள் சுகமா?" என்றுதான் கேட்பாள். ஒரு நாள் மட்டும், "தலை பாரமா இருக்கடா" என்றாள். பனடோல் போடச் சொன்னேன்.

நாலாம் நாள் காலை சேர் அழைத்தார். அவர் நண்டைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்து, "குட் மோர்னிங், லொறி வெளிக்கிட்டுவிட்டது" என்றேன். அவர், அக்கா குளியலறையில் விழுந்துவிட்டதாகவும் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டதாகவும் சொன்னார். மூளையில் இரத்தம் கசிந்ததாம். லொறி அப்போது மதவாச்சியை நெருங்கியிருக்கும். நான் அதைத் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிடலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

உடலைக் கொண்டுவர வழி இல்லை. அங்கேயே தகனம் செய்தார்கள். சுவாமி ஒருவர் செபிப்பதை ஃபோனில் பார்த்தோம். படம் அறுந்து அறுந்து வந்தது. நான் தொடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

வழி திறந்த பிறகு சேர் தானே அஸ்தியைக் கொண்டுவந்தார். அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, "இல்லை, நான் வருகிறேன்" என்றார். எங்கள் சேமக்காலையில் அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். சுவாமி செபம் சொல்லும்போது அவர் கைகளைக் கோர்த்து வெயிலில் நின்றார். வீட்டில் மனைவி சமைத்து வைத்திருந்தாள். மேசையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

அவர்தான் தொடங்கினார். "அன்றைக்கு அந்த உணவகத்தில் நீங்கள் சொன்னீர்களே, ஊர்ப் பெண் என்று."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

"'இல்லை, இவருடைய சகோதரி' என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் அது வசதியாக இருந்தது. என் வீட்டு வேலைக்காரியின் தம்பியோடு வியாபாரம் செய்கிறேன் என்று அவர்கள் முன்னால் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை."

"அக்கா ஏதாவது சொன்னாளா உங்களிடம்?"

"அன்றிரவு என் அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு வந்து, தம்பி நன்றாக ஆங்கிலம் பேசினான், இல்லையா என்று கேட்டாள்."

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். மனைவி என்ன என்று கேட்டாள். தண்ணீர் குடிக்க வந்தேன் என்றேன். அங்கே நின்று அழுதேன். அக்கா இறந்த பிறகு அதுதான் முதல் அழுகை.

சேர் மறுநாள் போய்விட்டார். நாங்கள் இன்னும் சேர்ந்துதான் தொழில் செய்கிறோம். அவருடைய வீட்டில் இப்போது எனக்கு யாரும் இல்லை, அதனால் அவர் நேரடியாகவே குறை சொல்லப் பழகிக்கொண்டார்.

போன மாதம் எனக்குக் களிநண்டு கொண்டுவருகிற ஒரு ஆள், நிறை பார்த்து முடிந்த பிறகும் போகாமல் நின்றார். அவரைப் பல வருடமாகத் தெரியும். மண்ணெண்ணெய் விற்கிற விலையில் இஞ்சின் கட்டிக் கடலுக்குப் போக முடியாமல், இடுப்பளவு சேற்றில் நடந்து நண்டு பிடிக்கிறவர்.

"தம்பி, ஒரு விசயம். என்ர மூத்தவளுக்கு இருபத்திரண்டு. உங்கட அக்கா போன மாதிரி, சிங்கப்பூரில நல்ல வீடா ஒண்டு உங்கட சேரிட்டக் கேட்டுப் பாக்கேலுமே?"

நான் அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், உணவகத்தில் நான் சொன்னதையும், இன்னும் ஒரு வருசம் இருங்கோ என்று சொன்னதையும். யாருக்கும் சொல்லாததை அவருக்குத்தான் முதலில் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். சேறு காய்ந்த கால்களை ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், "பாவம், நல்ல பிள்ளை. எனக்கு அவவைத் தெரியும்" என்றார். பிறகு எழும்பி, கூடையை எடுத்துக்கொண்டு, "எண்டாலும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ தம்பி" என்றார்.

நான் இன்னும் சேரிடம் கேட்கவில்லை. அந்த மனிதர் தினமும் நண்டோடு வருகிறார். வந்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்.