கார்த்திக் நீட்டிய கிளாஸ்

பிரான்சின் போர்தோவில் உள்ள ஒரு பழைய வைன் பண்ணையின் சொந்தக்காரி, ஒஸ்லோவில் நான் வைன் பரிமாறும் உணவகத்துக்கு விருந்துக்கு வந்தார். அறுவடைக் காலத்தில் இரண்டு கிழமை தங்கள் பண்ணையில் வேலை பழக எங்களில் ஒருவரை அழைக்கப்போவதாக முன்பே சொல்லியிருந்தார். போட்டியில் இருந்தது இருவர்: நானும் கார்த்திக்கும்.

என் பக்கம் இருந்தவை: துரொண்ட்ஹெய்மில் படித்த வேதியியல், வைன் தேர்ந்து பரிமாறும் சொமெலியே சான்றிதழ், பிரெஞ்சு மொழி. சென்னையில் இருந்து வந்த கார்த்திக்கின் பக்கம் இருந்தது சிரிப்பு. வாடிக்கையாளர்கள் அவனைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள்.

அன்று சொந்தக்காரியின் மேசையை நிலவறைப் பொறுப்பாளர் சாந்தி அக்கா அவனுக்கே கொடுத்தார்.

"போத்தல் ரெண்டையும் மூண்டு நாளா நிமித்தி வைச்சது நான், அக்கா."

"ஓம், வடிவாத்தான் வைச்சனீர். ஊத்திறது அவர்."

முப்பது வருடம் படுத்துக் கிடந்த சிவப்பு வைனில் மண்டி சேர்ந்திருக்கும். போத்தலை நிமிர்த்தி வைத்தால்தான் அது அடியில் தங்கும். அத்தனை பழைய கோர்க் எளிதில் உதிர்ந்துவிடும். கார்த்திக் அதை முழுதாக எடுத்தான். அதற்கும் எனக்கு எரிந்தது.

சிறிது நேரத்தில் கிளாஸோடு சமையலறை வாசலுக்கு வந்தான்.

"துளசி, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்களேன். எனக்கு டவுட்டா இருக்கு."

"உங்கடை மேசை. நீங்கள்தான் சொல்லவேணும்."

"சண்டையை அப்புறம் போடலாங்க. அவங்க காத்துட்டிருக்காங்க."

மோந்தேன். முதலில் உலர்ந்த பிளம்ஸ், தேவதாரு. அடியில், மிக மெல்லிசாக, நனைந்த காட்போட் பெட்டி. கோர்க் வைனைக் கெடுத்திருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று நான் சொன்னால் போதும். சொந்தக்காரி முதல் வாயிலேயே கண்டுபிடிப்பார், பயணம் எனக்கு வரும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"கோர்க் கெடுத்துப்போட்டுது. மற்றப் போத்தலைத் திறவுங்கோ," என்றேன்.

அவன் திறந்தான். சொந்தக்காரி கெட்டதையும் கேட்டு வாங்கி மோந்து தலையாட்டினார். கார்த்திக் என்னைக் காட்டி ஏதோ சொல்வது தெரிந்தது. மறுநாள், பயணம் அவனுக்கு என்றார்கள்.

"கண்டுபிடிச்சது நான்!" என்று சாந்தி அக்காவிடம் போய் நின்றேன்.

"ஓம், அதை அவரே அவவுக்குச் சொன்னவர். சந்தேகம் வந்தால் இன்னொரு மூக்கைத் தேடிப்போற ஆள்தான் தங்கடை பண்ணைக்கு வேணுமாம். நீர் எப்பவாவது ஆரிட்டையும் கிளாஸை நீட்டினனீரே?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

அவன் பிரான்சில் இருந்தபோது நான் திறந்த ஒரு பழைய போத்தல் எனக்குச் சந்தேகம் தந்தது. தனியாக முடிவெடுக்கத்தான் பார்த்தேன். பிறகு அவனுக்கு போன் எடுத்தேன்.

"வாசனையை போன்ல எப்படிங்க அனுப்புவீங்க? அக்காகிட்ட நீட்டுங்க!" என்று சிரித்தான். அவனுக்குப் பின்னால் காற்றும் டிராக்டரும் கேட்டன. திராட்சைத் தோட்டத்தின் நடுவில் நிற்கிறான். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடேயே கிளாஸை சாந்தி அக்காவிடம் நீட்டினேன்.

"இதுக்கு ஒண்டும் இல்லை. கொண்டுபோய் ஊத்தும்."

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகம் வந்தால் கிளாஸை நீட்டுங்கள், போட்டியாளரிடமே என்றாலும். பொறாமை தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். திறந்த வைன் அவ்வளவு நேரம் தாங்காது.