குதிரின் வாயைத் திறந்த கங்கையம்மன்

ஆந்திர ராஜ்ஜியம் வந்த மறுவருஷம் எங்கள் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. விஜயபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம். ஊர் மதராஸோடு சேருமா, ஆந்திராவிலேயே இருக்குமா என்று ஆண்களுக்குள் ஓயாத சண்டை. எனக்கு வேறு கவலை. கைக்குழந்தைக்குப் பாலில்லை. நான் சாப்பிட்டால்தானே சுரக்கும்?

ஆனாலும் நான் கலங்கவில்லை. பஞ்சத்துக்கென்று இரண்டு வருஷமாக ஒரு மண்குதிர் நிறையச் சோளம் சேர்த்திருந்தேன். கங்கையம்மன் சொத்து என்று மஞ்சள் துணி கட்டி, அடியில் தானியம் எடுக்கும் வாயைச் சாணிமண்ணால் அடைத்திருந்தேன். அண்ணி யுத்தத்துக்குத் தயாராகிறாள் என்று கொழுந்தன் கேலி செய்வான். செய்யட்டுமே. சாமிக்கு ஒதுக்கியதைத் தொடலாமா? ஒருவரையும் தொடவிடவில்லை.

இப்போது அந்த அடைப்பை உடைத்தேன். வண்டும் மாவும்தான் கொட்டின. ஒரு படிகூடத் தேறவில்லை. தலையிலடித்துக்கொண்டு அழுதேன்.

பிறகு கோபம் வந்தது. நேரே கோயிலுக்குப் போய் அவளிடமே கேட்டேன். "நீயும் துன்னல, எங்களையும் துன்ன விடல. என் கொழந்த போச்சுன்னா இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்." அதுதான் என் பிரார்த்தனை.

பூக் கட்டிக்கொண்டிருந்த பூசாரி தலை நிமிர்ந்தார்.

"ஏம்மா, ஆடி மாசம் ஆத்தா கூழை மூடி வெச்சுக்கினு பாத்திருக்கியா? ஊத்திக்கினேதான இருக்கா?"

எனக்குச் சுரீரென்றது.

மறுநாள் மத்தியானம் கார்வேட்டிநகரத்திலிருந்து என் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு மூட்டை கேழ்வரகு. நான் சொல்லியனுப்பவேயில்லை. மனசு கேட்கவில்லை, வந்தேன் என்றார். அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். நாலாம் நாள் பால் சுரந்தது.

அன்றிலிருந்து குதிரின் வாயை நான் அடைப்பதில்லை. புதுசை நன்றாகக் காயவைத்து, வேப்பிலை கலந்து மேலே கொட்டுவேன். பழசைக் கீழே எடுத்துத் தினமும் களி கிண்டுவேன். ஆடிக்கூழும் அதில்தான். எடுத்ததை அறுப்பில் திரும்பக் கொட்டியாக வேண்டும். அதில் வீட்டுக்காரர் பேச்சைக்கூடக் கேட்கமாட்டேன். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும்.

போன வருஷம் மறுபடியும் மழை பொய்த்தது. எங்கள் வீட்டில் ஒருநாளும் அடுப்பு எரியாமல் இல்லை. கொழுந்தன் கூடையோடு வந்து நின்றான். திட்டிக்கொண்டேதான் அளந்து போட்டேன்.

எல்லையை எங்கே வேண்டுமானாலும் போடட்டும். அவள் எங்களை விடமாட்டாள். நீங்களும் நம்பிப் போய்க் கேளுங்கள். கோபமிருந்தால் கோபமாகவே கேளுங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். பிழைக்காது என்று ஊரே சொன்ன என் மகள், இந்த ஆடியில் தன் கையால் எல்லாருக்கும் கூழ் ஊற்றினாள்.